நீ சொன்ன அந்த இங்கிலீஷ் வார்த்தை

அண்ணாமலை,

நேற்று பஸ் ஸ்டாண்டில் நீ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதபோது நான் உன் கண்களைப் பார்க்கவில்லை. உன் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லையே என்று நீ நினைத்திருப்பாய். குழந்தையாக இருந்தபோது அழுதால் உன் உதடு நாகப்பழம் தின்றதுபோல் நீலமாகிவிடும், நகமும் நீலமாகிவிடும், மூச்சு எங்கேயோ போய் மாட்டிக்கொள்ளும். இத்தனை வருஷம் கழித்தும், ஆறடி உயரத்தில் மீசை வைத்துக்கொண்டு நீ அழுதபோதும், என் கண் தானாக அங்கேதான் போனது. உதடு நிறம் மாறவே இல்லை. அதை நன்றாகப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அதற்குள் மெட்ராஸ் பஸ் கிளம்பிவிட்டது.

நான் எட்டாவது வரை படித்தவள். தமிழில் எழுதத் தெரியும், உனக்குத் தமிழ் தெரியாது. பக்கத்துத் தெரு ஷமீம் டீச்சர்தான் இதை இங்கிலீஷில் மாற்றி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். நீ இங்கே இருந்த நாளெல்லாம் நமக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, உன் பேச்சை எனக்கும் என் பேச்சை உனக்கும் கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான். போவதற்கு முந்தைய நாள் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். பஸ் ஏறும்போது இன்னொன்று கேட்டாய். இரண்டுக்கும் நான் பதில் சொல்லவில்லை. இந்தக் கடிதம் அதற்குத்தான்.

முதல் கேள்வியை நீ நேராகக் கேட்கவில்லை, ஒரு கதையாகச் சொன்னாய். உன்னை வளர்த்த ஹெலன் அம்மா உன்னைத் தூங்கவைக்கும்போதெல்லாம் சொன்ன கதை. டீச்சர் அதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “மத்த வீட்டுலல்லாம் புள்ளைங்க தானா வந்து பொறக்கும், உன்ன மட்டும் நாங்க கடல் தாண்டி வந்து எடுத்தோம், நீ சோஸன்னு அவங்க அம்மா சொல்வாங்களாம்க்கா.”

“சோஸன்னா இன்னா டீச்சர்?”

“தேர்ந்தெடுத்த புள்ளைன்னு அர்த்தம்க்கா.”

நான் சிரித்தேன். நல்ல வார்த்தையாகத்தான் பட்டது. நீ சிரிக்கவில்லை. சின்ன வயதில் அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் உன் மனத்தில் ஒரு நீளமான அறை வருமாம். வரிசையாகத் தொட்டில்கள் இருக்குமாம், ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை. ஹெலன் அம்மா ஒவ்வொரு தொட்டிலாகப் பார்த்துக்கொண்டே வந்து உன் தொட்டில் முன்னால் நிற்பாராம். மற்ற குழந்தைகள் என்ன ஆனார்கள் என்று கேட்க உனக்குப் பயமாம். இன்னொரு பயமும் உண்டு என்றாய். எடுத்தவர்கள் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிடலாம் அல்லவா? அதனால் நீ ஒருநாளும் அவர்களை எதிர்த்துப் பேசியதில்லை. பிடிக்காததைத் தின்றாய், பிடிக்காத படிப்பைப் படித்தாய். காய்ச்சல் வந்தாலும் சொல்லாமல் இருந்திருக்கிறாய், பழுதான பிள்ளை என்று நினைத்துவிடுவார்களோ என்று. அப்புறம் குனிந்துகொண்டே ஒன்று சொன்னாய். டீச்சர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்.

“அவங்க என்னை சோஸ் பண்ணாங்க, நீங்க ஏன் பண்ணலன்னு கேக்கறாருக்கா.”

டீ போட்டு எடுத்துவருகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டே நின்றேன். நான் வெளியே வந்தபோது நீ உன் கல்யாணம் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தாய், அந்தப் பெண்ணின் போட்டோவைக் காட்டினாய், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

இன்று காலை டீச்சர் வீட்டுக்குப் போய், அந்த வார்த்தையை எனக்குச் சரியாகச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டேன். சூஸ், சோஸ், சோஸன் என்று மூன்று விதமாக வரும் என்றார். முதல் இரண்டும் நாம் செய்வது. மூன்றாவதை இன்னொருவர் நமக்குச் செய்ததற்கும் சொல்லலாம். பல பேரில் ஒருவரைப் பார்த்து எடுப்பது. ஓட்டுப் போட்டு ஜெயித்தவருக்குச் சொல்லலாம், கடவுள் தனக்கென்று எடுத்துக்கொண்டவர்களுக்கும் சொல்வார்களாம். “பெருமையான வார்த்தைதான்க்கா. ஆனா அதுல ஒண்ணு இருக்கு. எடுத்தது யாரு, எங்கேர்ந்து எடுத்தாங்க, யார்கிட்டேர்ந்து எடுத்தாங்க, எதையும் சொல்லாமலே அந்த வார்த்தைய முடிச்சிடலாம்” என்றார். நான் அரிசியில் கல் பொறுக்குவதை வைத்துப் புரிந்துகொள்ளப் பார்த்தேன். “கல்லைத்தானே டீச்சர் பொறுக்கி எடுப்போம், அரிசிய விட்டுடுவோம்” என்றேன்.

நம் பாஷையில் தத்து என்பதற்கு இரண்டு கை உண்டு. ஒருவர் தத்துக் கொடுக்கிறார், இன்னொருவர் தத்து எடுக்கிறார். கொடுத்தவள் பெயர் கெட்டாலும் அவளுக்கென்று அதில் ஓர் இடம் இருக்கிறது. நீ சொன்ன வார்த்தையில் எனக்கு இடமே இல்லை. அதனால்தான் உனக்கு அந்தத் தொட்டில்கள் தெரிந்தன, நான் தெரியவில்லை. தொட்டில் எதுவும் இல்லை, மகனே. வரிசை எதுவும் இல்லை. நடந்தது என்னவென்று சொல்கிறேன்.

உன் அப்பா குதிரை வண்டி ஓட்டினார். பஸ் ஸ்டாண்டிலிருந்தும் ஸ்டேஷனிலிருந்தும் ஆசிரமத்துப் பக்கம் வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போவார். நீ நடக்கத் தொடங்கும் முன்னாலேயே மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு செங்கம் ரோட்டில் ஒரு வீட்டில் எனக்குச் சமையல் வேலை கிடைத்தது. வீட்டுக்காரர் வெள்ளைக்காரர்களுக்கு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார். உன்னையும் உன் அக்கா செல்வியையும் கூடவே கூட்டிப்போவேன். வாசலில் விளையாடுவீர்கள். நீ நாலடி ஓடினால் ஐந்தாவது அடியில் குந்திவிடுவாய், முழங்கால் இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. மூச்சு வந்ததும் எழுந்து இன்னும் நாலடி. மற்ற பிள்ளைகள் உனக்குக் குந்துமணி என்று பெயர் வைத்திருந்தார்கள். நீயும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பாய்.

ஹெலனும் அவர் புருஷனும் அங்கே வந்தது பிள்ளை தேடி இல்லை. மலையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்க வந்தவர்கள். ஒரு மத்தியானம் நான் மண்ணெண்ணெய் வாங்கப் போயிருந்தேன். உன் கையிலிருந்த பன்னை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடியது. நீ அழுதுகொண்டே அதன் பின்னால் ஓடி, நடுவாசலில் விழுந்துவிட்டாய். நான் திரும்பி வந்தபோது ஹெலன் உன்னைத் தூக்கி, உன் முழங்காலை நெஞ்சோடு மடக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாமல் அந்த வெயிலில் வாசலைக் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். அவர் நர்ஸ் என்பது எனக்கு அப்போது தெரியாது. நீலம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை மட்டும் பார்த்தேன். அன்றைக்கு எந்தப் பிள்ளை விழுந்திருந்தாலும் அவர் தூக்கியிருப்பார். விழுந்தது நீ. தூக்கியவர் அவர். இதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகு ஹெலன் உன்னையே கவனித்துக்கொண்டிருந்தது அவர் புருஷனுக்குப் பிடிக்கவில்லை. அறைக்குள் இரண்டு பேரும் சண்டை போடுவது அடுப்படி வரை கேட்கும். பாஷை தெரியாவிட்டாலும் சண்டை புரியாதா? ஒருநாள் அந்த மனுஷன் கோபித்துக்கொண்டு பையை எடுத்துக்கொண்டு வேறு வீட்டுக்கே போய்விட்டார். சில நாள் கழித்து ஒரு காலையில் திரும்பி வந்தார். குந்தியிருந்த உன்னைத் தூக்கித் தன் தோளில் உட்காரவைத்துக்கொண்டு ரோட்டில் நடக்க ஆரம்பித்தார். அதன் பிறகு நீ அவர் தோளை விட்டு இறங்கியதே கம்மி.

வேலூருக்குக் கூட்டிப்போனோம். இருதயத்தில் ஓட்டை என்றார் டாக்டர், வேறு கோளாறும் இருக்கிறது என்றார். “இவ்ளோ சின்னக் கொழந்தைக்கு இந்த ஆபரேஷன் இங்க இப்ப கஷ்டம்மா. அவங்க ஊர்ல பண்றாங்க” என்றார்.

“பண்ணலன்னா?”

அவர் உன் பக்கம் பார்த்தார். நீ மேஜையில் இருந்த மணியை அமுக்கி அமுக்கி விளையாடிக்கொண்டிருந்தாய். “ஸ்கூலுக்குப் போவான்மா. அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது.”

உன்னை வெளிநாடு கூட்டிப்போக வேண்டுமென்றால் ஹெலன் உனக்குக் கார்டியன் ஆக வேண்டும், கோர்ட் அதைச் சொல்ல வேண்டும். அதற்காக மறுபடியும் வேலூர் போனோம். ஜட்ஜ் வயதானவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“யாராவது உன்னைக் கட்டாயப்படுத்தினாங்களாம்மா?”

“இல்லீங்க.”

“பையன் போய்ட்டுத் திரும்பி வராமலே இருந்துடலாம். அப்பவும் சம்மதமா?”

“உசுரோட இருந்தா சம்மதங்க” என்றேன்.

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அப்புறம் எழுதினார். நீ கேட்டாயே, நான் ஏன் உன்னைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று. என் முன்னால் இருந்தது நீயும் வேறு பிள்ளையும் இல்லை. என் பக்கத்தில் இருந்து சாகிற நீயும், எங்கேயோ இருந்து வாழ்கிற நீயும். நான் எதை எடுத்தேன் என்பதை நேற்று பஸ் ஸ்டாண்டில் கட்டிப்பிடித்துப் பார்த்துக்கொண்டேன்.

நீ கிளம்பிய நாளைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். மெட்ராஸ் போக அந்த வீட்டு வாசலுக்குக் கார் வந்து நின்றது. போகும் வழியில் நீ அழவே கூடாது, அழுதால் வழியில் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது என்று ஹெலன் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. செல்வி அழுவாள் என்று அவளைப் பின்கட்டில் ஒருத்தியிடம் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். உனக்குச் சோறு ஊட்டினேன். காரில் ஹெலன் மடியில் உட்காரவைத்தேன். நீ என் சேலையைப் பிடித்துக்கொண்டாய், உதடு பிதுங்க ஆரம்பித்தது. உடனே நான் சிரித்தேன். வீட்டு முகப்பில் ஒரு தூண் இருந்தது. அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டு “பே” என்று எட்டிப் பார்த்தேன். நீ சிரித்தாய். மறுபடி ஒளிந்தேன், மறுபடி எட்டிப் பார்த்தேன். நீ கைதட்டிச் சிரித்தாய். மூன்றாவது முறை ஒளிந்தபோது கார் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் வெளியே வரவில்லை. வந்திருந்தால் காரின் முன்னால் போய் விழுந்திருப்பேன். தூணைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றேன். ரோட்டு முனை வரைக்கும் உன் சிரிப்பு எனக்குக் கேட்டது.

உனக்கு ஒரு கனவு அடிக்கடி வருவதாக டீச்சரிடம் சொன்னாயாம். ஒரு தூண், நீ சிரித்துக்கொண்டே இருக்கிறாய், யாரோ வர வேண்டும், வரவே இல்லை. அது என்ன கனவென்று புரியவில்லை என்றாயாம். டீச்சர் இன்று காலைதான் அதைச் சொன்னார். அது கனவில்லை, அண்ணாமலை. தூணுக்குப் பின்னால் இருந்தது நான்தான்.

முதலில் போட்டோக்கள் வந்தன. ஆபரேஷன் ஆன தழும்போடு ஒன்று, சைக்கிளில் உட்கார்ந்து ஒன்று. அப்புறம் அவர்கள் வீடு மாறினார்கள், போட்டோ நின்றுவிட்டது. எனக்கு அதில் கோபமில்லை என்று சொன்னால் பொய். பல வருஷம் கோபம் இருந்தது. இப்போது யோசித்தால் ஹெலனுக்கும் ஒரு பயம் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. இங்கே கூட்டிவந்தால் நீ இங்கேயே நின்றுவிடுவாயோ என்று. அவர் சொன்ன கதையும் அந்தப் பயத்தில் வந்ததுதான். உன்னைப் பெற்றவள் உன்னை விட்டுவிட்டாள் என்று தூங்கப் போகிற பிள்ளையிடம் எந்தத் தாய் சொல்லுவாள்? நல்ல வார்த்தையாகத் தேடிப் பார்த்து ஒன்றைச் சொன்னார். அது உன்னை இப்படிக் கட்டிப்போடும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. அவர் உன்னைத் திருப்பி வைத்திருக்கவே மாட்டார். உன்னைத் தூக்கிக்கொண்டு அவர் நடந்த நடையைப் பார்த்தவள் சொல்கிறேன். இப்போது அவரும் இல்லை. ஊருக்குப் போனதும் அவர் கல்லறைக்குப் போ. என் பேரிலும் பூ வை.

செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு என்னைப் பிடிக்கவில்லையா, ஏன் பேசமாட்டேன் என்கிறார் என்று டீச்சரிடம் நீ கேட்டாயாம். நீ போன சில வாரத்தில், நான் செங்கம் ரோட்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் அவளைக் காணவில்லை. கேட்டுக்கு வெளியே போய்ப் பார்த்தேன். வெள்ளைக்காரர்கள் நடந்து போகிற வழியில் குந்திக்கொண்டிருந்தாள், முழங்காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உன்னை மாதிரியே. உதட்டில் பேனா மையைத் தடவியிருந்தாள். அந்தப் பக்கம் போன ஒருவர் அவள் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் தூக்கிக்கொண்டு வந்து அவள் வாயைக் கழுவினேன். மை போகவே இல்லை. தேய்க்கத் தேய்க்கப் பேசாமல் நின்றவள் கடைசியில் ஒன்று கேட்டாள்.

“நான் குந்தினா ஏம்மா யாரும் தூக்கல?”

அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. தீபாவளிக்குப் பாவாடை வேண்டுமென்று கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்தியபோது ஏன் என்று கேட்டதில்லை. கீழ்பென்னாத்தூரில் மாப்பிள்ளை பார்த்தபோது பிடித்திருக்கிறதா என்று நான்தான் கேட்டேன், சரி என்றாள். உன்னோடு பாதி நான் கார் ஏறிப் போய்விட்டேன், அண்ணாமலை. மிச்சமிருந்த பாதியைத்தான் அவள் அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தாள். நீ எடுக்கப்பட்ட பிள்ளை என்று உனக்குப் பாரம் இருந்தது. யாருமே எடுக்காத பிள்ளை என்று அவளுக்கு இருந்தது. உனக்காவது அதைச் சொல்ல ஒரு வார்த்தை கிடைத்தது. அப்படிப்பட்டவள்தான் நீ வந்த செய்தி தெரிந்ததும் வேர்க்கடலை வறுத்து எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்தாள். நீ சட்டையைத் திறந்து தழும்பைக் காட்டியபோது திரும்பிக்கொண்டாளே, அது வெறுப்பு இல்லை. அடுப்படியில் வந்து, “ரொம்ப வலிச்சிருக்கும் இல்லம்மா” என்றாள்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய். போட்டோவில் அந்தப் பெண்ணின் சிரிப்பு நன்றாக இருக்கிறது. எனக்கு உன் ஊர் தெரியாது, அங்கே வாழ்கிற விதம் தெரியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். அவளிடம் நல்ல பிள்ளையாக இருந்து இருந்து களைத்துப்போகாதே. சண்டை போடு. சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல். காய்ச்சல் வந்தால் படுத்துக்கொள், கஞ்சி கேள். உனக்குப் பிள்ளை பிறந்தால் அதற்கு அந்த வார்த்தையைச் சொல்லாதே. நீ வந்தாய், நாங்கள் தூக்கினோம் என்று சொல். அது போதும்.

இப்போது இரண்டாவது கேள்வி. பஸ் ஏறும் முன்னால் நீ தமிழிலேயே கேட்டாய். டீச்சரிடம் சொல்லித்தரச் சொல்லி, மனப்பாடம் செய்து வைத்திருந்தாயாம். “அம்மா, என்கூட வந்துடுங்க.” உன் வாயில் அது ‘வந்துதுங்க’ என்று வந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்த ஓர் எழுத்துப் பிசகே போதும், மிச்ச காலத்துக்கு. அப்போதே வருகிறேன் என்று சொல்லியிருப்பேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் செல்வி நின்றிருந்தாள். அவள் என்னையும் பார்க்கவில்லை, உன்னையும் பார்க்கவில்லை, பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதியிருந்த ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தாள். பஸ் போன பிறகு, “அப்ப துணிமணிலாம் எடுத்து வெச்சிடட்டாம்மா?” என்றாள். அழவில்லை. போகாதே என்று கேட்கவும் இல்லை. நான் போய்விடுவேன் என்று முடிவே செய்துவிட்டாள்.

நான் வரமாட்டேன், அண்ணாமலை. உன்னை வேண்டாம் என்று சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. அன்றைக்கும் அப்படிச் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. இரண்டு பிள்ளையை நிற்கவைத்து எந்தப் பக்கம் என்று கேட்டால், ஒரு தடவை பதில் சொல்லிவிட்டேன். அதற்கே என் ஆயுசு போய்விட்டது. நீ வா. பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வா, பிள்ளை பிறந்தால் தூக்கிக்கொண்டு வா. நான் இங்கேதான் இருப்பேன்.

இதை டீச்சரிடம் கொடுத்துவிட்டு மத்தியான பஸ்ஸுக்குக் கீழ்பென்னாத்தூர் போகிறேன். செல்வி என்னைப் பார்த்ததும், உன் ஊருக்குப் போவதைச் சொல்ல வந்திருக்கிறேன் என்றுதான் நினைப்பாள். எதுவும் கேட்கமாட்டாள். அவள் கேட்பாள் என்று இத்தனை வருஷம் காத்திருந்துவிட்டேன். இன்றைக்கு அவள் கேட்காமலே நான் சொல்லப்போகிறேன்.

உன் அம்மா